அத்தானின் கார் ஒழுகிய கதை

பதினொரு வருஷமாக என் நெஞ்சுக்குள் ஒரு முள் கிடக்கிறது. அதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதெல்லாம் சொல்ல வரும்.

நான் குழாய் வேலை பார்ப்பவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது, நானும் அதைக் கைகழுவிவிட்டேன். குழாய்ச் சாமான் விற்கிற சின்னக் கடை ஒன்றும் உண்டு. பதினொரு வருஷத்துக்கு முன்னால் பெய்த ஒரு மழையில் அந்தக் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்தது. கடைக்கு இன்சூரன்ஸ் இருந்தது. தண்ணீர் வடிந்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். உட்காருகிற ஜாதகமா என்னுடையது? நானும் என் வீட்டுக்காரியும் இரண்டு நாள் சேற்றை வாரி, சுவரைக் கழுவி, தரையைத் துடைத்து, ஊறிப்போன பெட்டிகளை எல்லாம் குப்பையில் கொண்டுபோய்க் கொட்டினோம். மூன்றாம் நாள் இன்சூரன்ஸ்காரர் வந்தார். பளபளவென்று இருந்த கடையைச் சுற்றிப் பார்த்தார். "சேதம் எங்கேங்க?" என்றார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

என் அக்கா வீட்டுக்காரருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனியில்தான் வேலை. வேறு கம்பெனி. எரிந்த கடை, மூழ்கிய வண்டி, நசுங்கிய லாரி என்று போய்ப் பார்த்து, சேதத்தை எழுதிக் கொடுக்கிற உத்தியோகம். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவர், "தடயத்தை நீயே துடைச்சுட்டியே மாப்ளே! கையில துணியை எடுக்குறதுக்கு முன்னாடி யோசிக்க வேண்டாமா?" என்றார். அன்றோடு விட்டாரா? சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் போதும், "இவன் கடையைக் கழுவின கதை தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தியிடமே சொன்னார். சம்பந்தி சிரித்தார். நானும் சிரித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டும் சிரிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அத்தான் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரே சண்டையில் உறவு முடிந்து நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் சுத்தக்காரர், அதுதான் தொந்தரவு. கைக்குட்டைக்கு இஸ்திரி போடுவார். காலிங்பெல் பொத்தானைத் துடைப்பார். நான் போனால் சோபாவில் செய்தித்தாளை விரித்துவிட்டு, "உட்காரு மாப்ளே" என்று வாய் நிறையச் சொல்வார். அவர் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து எழுந்து எழுந்தே எனக்கு உலக விஷயம் அத்தனையும் அத்துப்படி.

இப்படிப்பட்டவர் நாற்பத்தெட்டு வயதில் ஒரு கார் வாங்கினார். பழைய கார்தான். வாங்கும்போதே அதற்குப் பத்து வயசு, இப்போது பத்தொன்பது. இரண்டே கதவு, தரையோடு தரையாக ஒரு உடம்பு, உள்ளே டர்போ வைத்த ஆறு சிலிண்டர் என்ஜின். பின்சீட்டில் முழங்கால் இல்லாதவர்கள் வசதியாக உட்காரலாம். முன்சீட்டிலிருந்து என் அக்காவை வெளியே எடுக்க ஒரு ஆள் கைகொடுக்க வேண்டும்.

"மணிக்கு இருநூத்தம்பது போகும் மாப்ளே" என்பார்.

"நீங்க போயிருக்கீங்களா?"

"போகும்னு சொல்றேன்ல."

ஆபீசுக்கு நாற்பதில் போய் நாற்பதில் திரும்புவார். சைக்கிள்காரன் மணியடித்து வழி கேட்பான். அக்கா அந்தக் காரை 'என் சக்களத்தி' என்றுதான் சொல்வாள்.

அந்தச் சக்களத்திக்கு மூன்று வருஷமாக மூக்கு ஒழுகுகிறது. ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலன்ட், ரோஸ் நிறத்தில் ஒரு தண்ணீர், எங்கிருந்தோ கசிந்து கீழே தேங்கும். கார் மெக்கானிக் மூன்று தடவை பார்த்தார். முதல் தடவை மூடியை மாற்றினார், அடுத்த தடவை ரேடியேட்டரை, அதற்கடுத்து தண்ணீர்ப் பம்பை. மாற்றுவதற்கு மிச்சம் இருந்தது அத்தான் மட்டும்தான். "என்ஜின் சுத்தமா இருக்கு சார், எங்கயும் ஒழுகின அடையாளமே இல்ல" என்று கடைசியில் கையை விரித்துவிட்டார். அத்தானும் காருக்கு அடியில் ஒரு தட்டை வைத்து, ஒழுகியதை ஊற்றி, குறைந்ததை நிரப்பிக் காலத்தை ஓட்டினார்.

வினை நாய் வடிவில் வந்தது. அவர்கள் இருக்கிற அடுக்குமாடிக் கட்டிடத்துக்குச் செயலாளர் ஒரு அம்மா, பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நாய் கீழ்த்தளத்தில் அத்தான் கார் நிற்கிற இடத்துக்குப் போய், தட்டுக்கு வெளியே தேங்கியிருந்ததை நக்கிவிட்டது. கூலன்ட் இனிக்குமாம். இனிக்கிற விஷம். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றித்தான் நாய் பிழைத்தது.

நாய் வீடு வந்த அன்றே அந்த அம்மா அத்தானின் கதவைத் தட்டினார். சத்தம் போடவில்லை. "வர்ற ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு நான் கீழே வருவேன். ஒண்ணு தரை காஞ்சிருக்கணும், இல்ல கார் வெளிய போயிருக்கணும்" என்றார். அந்தத் தெருவில் சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது. கார் வெளியே போனால் விற்றே ஆகவேண்டும். பத்தொன்பது வயசுக் காரை, அதுவும் ஒழுகுகிற காரை, பழைய இரும்புக்காரனைத் தவிர எவன் வாங்குவான்?

செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் வந்தது. "மாப்ளே, ஒழுகுறதுதானே உன் தொழில்?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. மறுநாளே போனேன்.

பானெட்டைத் திறந்தார். உள்ளே முகம் பார்த்துத் தலை சீவலாம். பத்தொன்பது வருஷத்து என்ஜினுக்கு இவ்வளவு அழகு ஆகாது.

"நீ வர்றேன்னு சொன்னதும் நல்லாக் கழுவி வச்சிருக்கேன்" என்றார் பெருமையாக.

"டாக்டர் வர்றார்னு காய்ச்சலைத் துரத்திட்டு உக்காந்திருக்கிற மாதிரி" என்றேன். புரியவில்லை அவருக்கு.

குழாய் வேலையில் நாங்கள் தண்ணீரைத் தேடமாட்டோம், கறையைத் தேடுவோம். தண்ணீர் ஓடிவிடும், கறை உட்கார்ந்திருக்கும். மாடிக் குளியலறையில் ஓட்டை இருந்தால் கீழ்ப் படுக்கையறைச் சுவரில் கறை தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறவேண்டும். இங்கே பிடித்து ஏற ஒரு பொட்டுக் கறைகூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், விரல் விட்டுத் தடவினேன். என் விரல்தான் சுத்தமாகி வெளியே வந்தது.

மாடியிலிருந்து காபியோடு இறங்கி வந்த அக்கா, "கறையா? காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு வந்து தினமும் துடைச்சிட்டுத்தானே இவர் பல்லே விளக்குவார்" என்றாள்.

"தினமுமா?"

"எனக்கு ஜுரமா இருந்த அன்னைக்குக்கூட. அவளுக்கு முதல்ல, எனக்கு அப்புறம்."

நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் காபியைப் பார்த்தார்.

"ரோஸ் கலர்ல காஞ்சுபோய் ஏதாச்சும் இருக்குமா, துடைக்கும்போது?"

"இருக்கும். பின்பக்கம், சுவரோரமா. உப்புப் பூத்த மாதிரி. அசிங்கமா இருக்குமேன்னு முதல்ல அதைத்தான் துடைப்பேன்."

பதினொரு வருஷம் காத்திருந்தவன் நான். அவசரப்படவில்லை. காபியை முழுசாகக் குடித்தேன். டம்ளரை அக்காவிடம் கொடுத்தேன். அப்புறம் சொன்னேன்: "தடயத்தை நீங்களே துடைச்சுட்டீங்களே அத்தான்."

அக்கா சிரித்த சிரிப்பில் நாய் எங்கோ குரைத்தது. அத்தான் முகம் ரேடியேட்டர் மாதிரி சூடானது. அந்த நிமிஷத்துக்காக இன்னொரு தடவை கடைக்குள் தண்ணீர் வந்தாலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உத்தரவு போட்டேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வழக்கம்போல் ஆபீசுக்கு ஓட்டிப் போகலாம், சூடாகி ஆறட்டும். ஆனால் பானெட்டைத் திறக்கக்கூடாது. ஆபீஸ் போய்வந்த நேரம் தவிர சாவி அக்காவிடம். தட்டைச் சுற்றி நாலு மரப்பலகை அடைத்து நாய் வராமல் செய்தேன்.

வியாழன் காலையில் போன். "மாப்ளே, மேல் மூடியில தூசி இருக்கும். அது கசிவுக்குச் சம்பந்தமில்லாத இடம்தானே? அதை மட்டும்..."

"வேண்டாம்."

"உலர்ந்த துணியால..."

"போனை அக்காகிட்ட குடுங்க."

வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் தூங்கவில்லையாம். குழந்தைக்கு மூக்குத் துடைக்காமல் பள்ளிக்கூடம் அனுப்பியவர் மாதிரி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தாராம். அக்கா சொன்னாள்.

சனிக்கிழமை காலை பானெட்டைத் திறந்தோம். இருந்தது. என்ஜினுக்கும் அதன் பின்னால் இருக்கிற தகட்டுச் சுவருக்கும் நடுவில், கை நுழையவே சிரமப்படுகிற சந்தில், ஹீட்டருக்குப் போகிற ஹோஸ் மூன்றாகப் பிரிகிற பிளாஸ்டிக் மூட்டு. அதன் இடுப்பில் ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்து, அங்கிருந்து ஒரு கோடு கீழே இறங்கி, அடித்தகட்டின் மேல் ஓடி, ஒரு முழம் தள்ளிப் போய்ச் சொட்டியிருந்தது. மெக்கானிக் சொட்டின இடத்துக்கு மேலேயே தேடியிருக்கிறார், பாவம்.

"இது மூணு வருஷமா இங்கயேவா இருந்துச்சு?" என்றார் அத்தான்.

"இருந்துச்சு. தினமும் காலைல வந்து சொல்லுச்சு. நீங்கதான் வாயைத் துடைச்சு அனுப்பிட்டீங்க."

என்ஜின் ஆறிக் கிடந்தது. கூலன்ட்டை ஒரு வாளியில் வடித்து மூடி போட்டு ஓரமாக வைத்தோம். காற்றுக் குழாயைக் கழற்றி, கிளிப்புகளைத் தளர்த்தி, ஹோஸை மெதுவாகத் திருகினேன். மெதுவாகத்தான். ஆனால் என் கை இரும்புக் குழாய்க்குப் பழகிய கை. பிளாஸ்டிக் மூட்டு அப்பளம் மாதிரி நொறுங்கி மூன்று துண்டாக உள்ளங்கையில் வந்தது.

அத்தான் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. துண்டுகளை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்ச் சாமான் கடைக்குப் போன் பண்ணினார். திரும்பி வந்து, கீழே விரித்திருந்த அட்டையில் உட்கார்ந்தார். வெறும் அட்டை, மேலே எதையும் விரிக்கவில்லை.

"ஆறு வாரமாம். வெளிநாட்டுலேர்ந்து வரணுமாம்" என்றார். துண்டுகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "தினமும் எரிஞ்சதையும் நசுங்கினதையும் பாத்துட்டு வர்றேன் மாப்ளே. முப்பது வருஷம். வீட்டுக்கு வந்தா ஒரு பொருளாவது முழுசா இருக்கணும்னு தோணும். அதான் துடைக்கிறேன். வேற ஒண்ணுமில்ல" என்றார்.

என் சாமான் பை அவர் காலடியில் இருந்தது. "அந்தப் பையை இப்படித் தள்ளுங்க" என்றேன்.

பைக்குள் பித்தளையில் மூன்று வாய் மூட்டு கிடந்தது. வெந்நீர்க் குழாய்க்குப் போடுவது. அளவு ஏறக்குறைய சரியாக இருந்தது, ஓரத்தை அரம் போட்டால் ஹோஸ் உட்கார்ந்துவிடும்.

"பாத்ரூம் சாமானையா இதுக்குள்ள போடப் போற?" அத்தான் எழுந்தே விட்டார். "எல்லாமே ஒரிஜினல் இதுல. ஒரு ஆணிகூட மாத்தினதில்ல!"

"அந்த ஒரிஜினல்தான் உங்க சட்டைப் பைக்குள்ள மூணு துண்டா இருக்கு."

"கம்பெனிக்காரன் பாத்தா சிரிப்பான்."

அக்கா மாடிப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்: "நாளைக்கு எட்டு மணிக்குக் கம்பெனிக்காரன் வரப்போறதில்ல, அந்தம்மாதான் வரப்போறாங்க. போடுடா தம்பி!"

போட்டேன். அரம் போட்ட நேரம் முழுக்க அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஊசி போடுகிற இடத்தில் நிற்பவர் மாதிரி. புதுக் கிளிப் போட்டு இறுக்கி, கூலன்ட் ஊற்றி, ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு, காற்றுக் குமிழி நிற்கிறவரை ஹோஸ்களைப் பிசைந்துகொண்டே இருந்தோம். அவர் ஒன்று, நான் ஒன்று. ஊரைச் சுற்றி இரண்டு தடவை ஓட்டி, இரண்டு தடவை ஆறவிட்டோம். இரண்டாவது சுற்றில் அத்தான் அறுபதில் போனார். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு எட்டு மணி. செயலாளர் அம்மா வந்தார், நாயை வீட்டில் விட்டுவிட்டு. வெள்ளைக் காகிதம் ஒன்றைக் காருக்கு அடியில் தள்ளி, கால் மணி நேரம் அங்கேயே நின்றார். எடுத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. அத்தான் மூச்சு விட்டார்.

"ஒரு நாள் காஞ்சா போதுமா?" என்றார் அந்த அம்மா. "இவர் தினமும் துடைச்சுடுவாராமே."

அக்கா தரையைப் பார்த்தாள். போட்டுக்கொடுத்தவள் யாரென்று கேட்க வேண்டியதில்லை.

அந்த அம்மா பானெட்டைத் திறக்கச் சொன்னார். மூன்று நாள் தூசி படிந்திருந்த என்ஜின் மூடியின் மேல் ஆள்காட்டி விரலால் ஒரு நீளக் கோடு போட்டார். "ஒரு மாசத்துக்கு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வருவேன். ரோஸ் கறை இருந்தா கார் வெளிய. இந்தக் கோடு இல்லேன்னாலும் கார் வெளிய" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார்.

அத்தான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல சேதி இது, கார் தப்பித்துவிட்டது, ஒரு மாசம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால் போதும் என்று நான் என்னென்னவோ சொன்னேன். காதில் ஏறியதாகத் தெரியவில்லை. கை மட்டும் தானாகச் சட்டைப் பைக்குள் கைக்குட்டையைத் தேடிப் போனது. அதைப் பார்த்து அவரே பயந்துவிட்டார் போல. விறுவிறுவென்று மாடிக்குப் போனார்.

வரும்போது ஒரு பெரிய துணிப்பை. அதில் மஞ்சள் துணி, நீலத் துணி, கண்ணாடிக்குத் தனி, என்ஜினுக்குத் தனி, இடுக்குக்கு என்று மூன்று அளவில் பிரஷ். எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன. மேலே கைக்குட்டையையும் வைத்து என் கையில் திணித்தார்.

இன்றுவரை அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்: "மாப்ளே, ஒரு மாசம் இது உன் வீட்டுல இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் குடுக்காத. அழுதாலும் குடுக்காத."