காப்பி அக்காவின் நாக்கு

காப்பி அக்காவுக்கு நாக்கு செத்துப்போய் மூன்று மாதம் ஆகிறது என்பது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. கட்டிய கணவருக்கே தெரியாது. அவர் பஸ் கண்டக்டர். காப்பியில் அவருக்குத் தெரிந்த ஒரே சங்கதி, அது சூடாக இருக்கிறதா இல்லையா என்பதுதான். அதனால் வீட்டில் மறைப்பது ஒன்றும் கம்பசூத்திரமாக இல்லை.

கடையில்தான் படாத பாடு. கடை என்றால், மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கும் மாடிப்படிக்கும் நடுவே ஆறடி நீள மேடை. ஒரு எஸ்பிரஸோ மெஷின், ஒரு கிரைண்டர், ஒரு கை கழுவும் தொட்டி, ஓர் ஆள் நிற்க இடம். அந்த ஆள் திரும்ப நினைத்தால் முதலில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். முதல் மாடியில் கண் ஆஸ்பத்திரி, இரண்டாவதில் பல்செட் செய்யும் பட்டறை, மூன்றாவதில் இன்சூரன்ஸ் ஆபீஸ். பதினோரு வருடமாக இந்த மூன்று மாடிக்கும் அவள் அக்கா. ரிட்டையர் ஆகப்போகிற இன்சூரன்ஸ் மேனேஜர்கூடக் கூச்சமே இல்லாமல் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

கப் கழுவ வந்தவள்தான். முன்பு மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு ஊருக்குக் கிளம்பும்போது, "உன் நாக்கை நம்பித்தாம்மா விட்டுட்டுப் போறேன்" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அதுவரை யாரும் எதையும் நம்பிக் கொடுத்ததில்லை. அன்றிலிருந்து தினமும் முதல் கப் அவளுக்கு. மூன்று வாய் குடிப்பாள். சரியில்லை என்றால் தொட்டியில் ஊற்றிவிட்டு, பொடியின் நைசைக் கூட்டிக் குறைக்கும் கிரைண்டர் வளையத்தை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி அரைப்பாள். நாக்கு தலையாட்டிய பிறகுதான் ஷட்டர் முழுசாக மேலே போகும்.

அந்த நாக்கைத்தான் காய்ச்சல் கொண்டுபோனது. பதினைந்து நாள் படுக்கை. வாசனை போயிற்று, ருசி போயிற்று, உப்பும் சர்க்கரையும் ஒன்றாயின. எழுந்து நடமாடியதும் உப்பு திரும்பி வந்தது, பிறகு புளிப்பு, பிறகு காரம். காப்பி மட்டும் வரவில்லை. கடைக்குத் திரும்பிய முதல் நாள் முதல் கப்பை வாயில் வைத்தால், முன்னால் பச்சைப் புளிப்பு, பின்னால் கருகின கசப்பு. வளையத்தை இந்தப் பக்கம் திருப்பினால் கசப்பு கூடியது, அந்தப் பக்கம் திருப்பினால் புளிப்பு கூடியது. சரி, கொட்டைதான் கோளாறு என்று கொட்டையை மாற்றினாள். தண்ணீர் என்று நினைத்து வடிகட்டியை மாற்றினாள். பால்காரரிடம் தேவையில்லாமல் சண்டை போட்டாள்.

குடிக்கிறவர்களோ ஒரே குரலில், "நல்லா இருக்குக்கா" என்றார்கள். கண் ஆஸ்பத்திரி நர்ஸ், மேனேஜர், லிஃப்ட் ரிப்பேர்க்காரர் எல்லோரும்தான். இத்தனை பேருக்கு நன்றாக இருப்பது தனக்கு மட்டும் நன்றாக இல்லை என்றால் என்ன அர்த்தம்? நாக்கு போய்விட்டது என்றுதானே அர்த்தம். நர்ஸ் பழையபடி இரண்டாவது கப் கேட்பதில்லை என்பது அக்காவின் கண்ணில் படத்தான் செய்தது. வேலை அதிகம் போலிருக்கிறது என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பல்செட்டுக்காரர் ஒருவர்தான் முகத்தைச் சுளித்தார். அவர் கதை வேறு. கொடுத்த நாளெல்லாம் குறை சொல்கிற பிறவி. ஒரு நாள் சூடு போதாது, ஒரு நாள் நுரை ஜாஸ்தி, ஒரு நாள் கப்பின் காது சின்னது. இப்போது பாதி கப்பை அப்படியே வைத்துவிட்டு, "இது காப்பி இல்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவர் எப்போது நல்ல வார்த்தை சொன்னார், இப்போது சொல்வதற்கு?

கடைசி முயற்சியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரைத் திறந்தாள். உள்ளே ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு எஃகு வட்டுகள், உள்ளங்கை அகலம், சுற்றிலும் பற்கள். இரண்டுக்கும் நடுவில் புகுந்துதான் கொட்டை பொடியாகிறது. விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் கூர் நகத்தைப் பிடிக்க வேண்டும். இதில் நகம் வழுக்கிக்கொண்டு ஓடியது. போதாததற்கு இரண்டு பற்கள் உடைந்திருந்தன. காய்ச்சல் நாட்களில் கடையைப் பார்த்துக்கொண்ட நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"ஆமா அண்ணி, ஒரு நாள் கொட்டையோட கல்லு எதோ வந்துருச்சு போல. டக்குன்னு ஒரு சத்தம். அப்புறம் அது பாட்டுக்கு ஓடிச்சே!" என்றாள் அவள், ஏதோ கிரைண்டரின் பெருந்தன்மையைப் பாராட்டுவதுபோல.

திட்ட வாய் வரவில்லை. தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பதினைந்து நாள் இங்கே வந்து நின்றவள். அக்காவுக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம். குற்றவாளி அகப்பட்டுவிட்டானே! புதுவட்டுகளை வரவழைத்து, அடுத்த ஞாயிறன்று பழையதைக் கழற்றி, ஆறு திருகையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முடுக்கினாள். திங்கட்கிழமை காலை முதல் கப்பைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்.

அதே புளிப்பு. அதே கசப்பு.

"புதுசு மாட்டினீங்களாமே, பிரமாதம்க்கா!" என்றாள் நர்ஸ்.

இனி பழி போட ஒன்றும் மிச்சமில்லை. ருசி தெரியாதவள் பதினோரு வருடப் பெயரை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுவதா? மத்தியானத்துக்குள் தீர்மானித்துவிட்டாள். ஒன்றாம் தேதியிலிருந்து சாவி நாத்தனாரிடம். நாத்தனாரும், "எதுக்கு அண்ணி?" என்று நாலு தரம் கேட்டுவிட்டு, அரை மனதாகச் சரி என்றாள்.

மூன்று மணிக்குப் பல்செட்டுக்காரர் வந்தார். ஒரு வாய் குடித்தார். கப்பை மேடைமேல் வைத்தார்.

"இது காப்பி இல்லம்மா."

"பிடிக்கலன்னா எதுக்குண்ணே தினமும் வர்றீங்க? என் உயிரை வாங்கவா?" அக்கா வெடித்துவிட்டாள். வெடித்ததோடு நிற்கவில்லை, அழுகையும் சேர்ந்து வந்தது. "என் நாக்கு செத்துப்போச்சு. எது நல்லது, எது கெட்டதுன்னு எனக்கே தெரியல. ஒண்ணாம் தேதியோட நான் போறேன். அப்புறம் நீங்க நிம்மதியா இருங்க."

அவர் பயந்துபோய் லிஃப்டைப் பார்த்தார். நல்லவேளை, அது மூன்றாவது மாடியில் நின்றிருந்தது.

"உனக்கு என்ன மாதிரி தெரியுது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முன்னாடி பச்சைப் புளிப்பு. பின்னாடி கருகல். ரெண்டும் ஒரே வாய்ல."

"எனக்கும் அதேதான்."

அக்கா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"புளிக்கிறதைப் புளிக்குதுன்னு சொல்லுது. கசக்கிறதைக் கசக்குதுன்னு சொல்லுது. அது எப்படிம்மா செத்த நாக்காகும்?"

"மத்தவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னு..."

"நீ காய்ச்சல்லேர்ந்து எழுந்து வந்தப்போ பாதி ஆளா வந்தே. உன் மூஞ்சியைப் பார்த்து எவன் சொல்லுவான் நல்லா இல்லன்னு? எனக்கு அந்த நாசூக்கு கிடையாது, சொன்னேன்." பிறகு கிரைண்டரைக் கண்ணால் காட்டினார். "நாக்கு மேல தப்பில்லன்னா மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். பிளக்கைப் பிடுங்கிட்டுத் திற."

மேல் வட்டு பதிந்த வளையத்தைத் திருகி எடுத்தாள். அவர் மாடிக்குப் போய் ஒரு நீலமைப் பேனாவும், பல் இடுக்கைச் சுரண்டும் கொக்கியும், மெல்லிய பிரஷ்ஷும் எடுத்து வந்தார்.

"பல்செட் மாட்டினதும் ஒரு நீலத்தாளைக் கடிக்கச் சொல்லுவோம். எந்தப் பல்லு உசந்திருக்கோ அதுல மை ஒட்டிக்கும். இங்க தாள் கிழிஞ்சிடும், அதனால மையையே பூசிப் பார்ப்போம்."

கீழ்வட்டின் விளிம்பு முழுக்க நீலம் பூசினார். மேல்வட்டைத் திரும்ப மாட்டி, இரண்டும் லேசாக உரசும்வரை இறக்கி, நடு ஓட்டை வழியாக ஸ்பேனரை விட்டுக் கையால் சுற்றினார். கிரீச், பிறகு சத்தமில்லை, பிறகு கிரீச். மறுபடி கழற்றிப் பார்த்தால், நீலம் ஒரே இடத்தில், நகத்தின் அகலத்துக்கு மட்டும் அழிந்திருந்தது. மற்ற இடத்தில் பூசின மேனிக்கு இருந்தது.

"ஒரு பக்கம் உசந்து கடிக்குது. அந்தப் பக்கம் மாவு, அது கசக்கும். இந்தப் பக்கம் ரவை, அது புளிக்கும். புளிப்பும் கசப்பும் ஒண்ணா வராம என்ன செய்யும்?"

கீழ்வட்டின் மூன்று திருகையும் கழற்றித் தூக்கியதும் அக்காவுக்கே புரிந்துவிட்டது. வட்டு உட்காரும் பள்ளத்தில், எள்ளைவிடச் சிறிதாக, கல்லாக இறுகிப்போன பழைய காப்பித் துணுக்கு ஒன்று. அன்றைக்குப் புதுவட்டைப் பளபளவென்று துடைத்தவள், அது உட்காரும் இடத்தைத் துடைக்கவில்லை. புதுசைப் பார்த்த அவசரம்.

"இதுவா?" என்றாள். "இதுக்கா நான் சாவியைக் கொடுக்க இருந்தேன்?"

கொக்கியால் அவளே சுரண்டி எடுத்தாள். பள்ளத்தைப் பிரஷ்ஷால் துடைத்து, துணியால் துடைத்து, விரலால் தடவி, மறுபடி துடைத்தாள். திருகுகளை ஒரேயடியாக முடுக்காமல், ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொன்னார் அவர். இந்தத் தடவை நீலம் சுற்றிலும் ஒரே சீராக அழிந்தது. மிச்ச மையை ஒட்டத் துடைத்து, ஒரு பிடிக் கொட்டையை அரைத்துக் கீழே கொட்டிவிட்டு, அடுத்த பிடியில் காப்பி இறக்கினாள்.

முதல் வாய். புளிப்பு இல்லை. கருகல் இல்லை. ஊருக்குப் போன பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நிற்பதுபோல அந்த ருசி வந்து நின்றது. அக்கா மூன்று வாயோடு நிறுத்தாமல் கப் முழுவதையும் குடித்தாள். அடுத்த கப்பை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் கடைசிச் சொட்டுவரை குடித்து, காலிக் கப்பைக் கவிழ்த்து வைத்தார்.

"பிடிக்காத காப்பியை மூணு மாசம் ஏண்ணே வந்து வந்து வாங்கினீங்க?"

"பல்செட் பொருந்தலன்னு தினமும் வந்து சண்டை போடுறவங்களை எப்படியாவது சரி பண்ணிடலாம்மா. 'நல்லா இருக்கு'ன்னு சொல்லிட்டுப் போறவங்க அதை அலமாரியில வெச்சிட்டு ஈறாலேயே சாப்பிடுவாங்க. நான் அலமாரியில வைக்கிற ஆள் இல்ல."

அன்று சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போனது. "அப்பாடா! எனக்கு அந்த மெஷினைப் பார்த்தாலே பயம் அண்ணி" என்றாள் அவள்.

மறுநாள் காலை நர்ஸ் வழக்கம்போல, "நல்லா இருக்குக்கா" என்றாள். என்றவள் நகரவில்லை. கப்பைத் திரும்ப நீட்டினாள். "இன்னொண்ணு."

மூன்று மாதம் அந்தக் கண்ராவியை முகம் கோணாமல் குடித்தவள்! அக்காவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல் இருந்தது, தலையில் ஒரு குட்டு வைக்கவும் வேண்டும்போல் இருந்தது. நடுவில் மேடை இருந்ததால் இரண்டும் நடக்கவில்லை. இரண்டாவது கப் நிறையக் கொடுத்தாள்.

மூன்று மணிக்குப் பல்செட்டுக்காரர் வந்தார். ஒரு வாய் குடித்தார்.

"சர்க்கரை ஜாஸ்தி."

பதினோரு வருடத்தில் ஒருநாளும் சொல்லாததை அக்கா சொன்னாள். "ரொம்ப நன்றிண்ணே."

அவர் கேலியோ என்று சந்தேகத்தோடு பார்த்தார். அக்கா ஒரு ஸ்பூனை எடுத்து, அவர் கப்பிலிருந்தே கொஞ்சம் மொண்டு வாயில் விட்டுப் பார்த்தாள்.

அவர் சொன்னது சரிதான். சர்க்கரை கூடத்தான் இருந்தது.