நீளத்தை இரட்டித்துப் பார்த்தவர்

பழைய துறைமுகச் சாலையில் உப்பு லாரிகளுக்குப் பின்னால் நின்றிருந்தபோது கிளமென்ட் கைபேசியில் அழைத்தார். "சார், அக்கா காலையில தவறிட்டாங்க. ஜெபம் சொல்லிட்டு எந்திரிச்சவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க. நாலு மணிக்கு அடக்கம்."

அவர் அக்கா என்றது, எங்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற முனைவர் ஜெசிந்தா மேடத்தை. கிளமென்ட் அவருடைய தம்பி. "காலேஜ்ல வேற யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டார். நான் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நான் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தபோது மேடம் துறையில் மூத்தவர். முதல் வாரமே ஓய்வறையில் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே எலாஸ்டிக் நாடாவை இழுத்துக் கட்டி, அதில் வரிசையாகக் குண்டூசிகளைக் குத்திக்கொண்டிருந்தார். ஒரு முனையை ஒரு முழுச்சுற்றுத் திருகிப் பிடித்தார். முறுக்கு ஊசிகளின் வழியே மறுமுனைவரை ஓடியது.

"இத எங்க வேணா தள்ளலாம் சார். நடுவுல அழிக்க முடியாது. முனைய விட்டாத்தான் போகும். இதான் சாலிட்டான்."

பிறகு நடுவில் ஓர் ஊசியின் தலையில் மெழுகை உருட்டி ஒட்டினார். "இது மாசு. முறுக்கு இங்கன வந்தா என்ன ஆகும்னுதான் நான் பாக்கேன்."

வேகமாக வரும் முறுக்கு மாசைக் கடந்துவிடும். மெதுவாக வந்தால், ஈர்க்கும் மாசு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சில குறிப்பிட்ட வேகங்களில் மட்டும், பிடிபட்டது கொஞ்சநேரம் ஆடிவிட்டு வந்த வழியே திரும்பிவிடும். முறுக்கு மாசின் அதிர்வுக்குக் கொடுத்த ஆற்றல் சரியான தருணத்தில் அதற்கே திரும்பக் கிடைப்பதால். நாடாவைக் கணினியில் ஒரு கோடாக வைத்து, அந்த வேகங்களைத் தேடினோம். சமன்பாடு அவருடையது, நிரல் என்னுடையது.

தமிழ்த்துறை நண்பர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, "மனுஷ வாழ்க்கை மாதிரியே இருக்கு மேடம்" என்றார். "மனுஷங்கள இதுல இழுக்காதீங்க சார். அவங்களுக்குச் சமன்பாடு கிடையாது" என்றார் மேடம், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஒரு மழைக்காலத்தில், அதுவரை யாரும் சொல்லாத ஒரு வேகத்தில் முறுக்கு திரும்பி வந்தது. கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளியானது. கல்லூரியில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். என் வேலை நிரந்தரமாயிற்று.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"சார், கோட்டோட நீளத்த ரெண்டு மடங்காக்கி ஓட்டிப் பாத்தேன். திரும்பி வரல. மாட்டிக்கிட்டு நின்னுட்டு."

மோதலில் சிதறும் அலைகள் கோட்டின் முனைகளில் அடங்கிவிட வேண்டும். என் நிரலில் அவை முனையில் பட்டுத் திரும்பி வந்து முறுக்கைத் தள்ளியிருந்தன. நாங்கள் கொண்டாடியது அந்தத் தள்ளலைத்தான்.

"யாருக்கு மேடம் தெரியப் போவுது? விட்ருங்க."

"நமக்குத் தெரிஞ்சுபோச்சே சார்." பாத்திரத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாது என்றேன்.

தெரியும். கட்டுரையை அனுப்புமுன்பே ஒருமுறை நீளத்தை மாற்றியபோது விடை மாறியதைப் பார்த்திருந்தேன். வேலை உறுதியாகும் நேரம் என்று வாயை மூடிக்கொண்டேன். அவரை அறிந்தவர்களும் அறியாதவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆய்விதழுக்கும் இந்த வாரம் எழுதிவிட்டேன்.

அவர் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பிழை முழுவதும் தன்னுடையது என்று எழுதி ஒற்றைக் கையெழுத்திட்டு அனுப்பினார். பேராசிரியர் பதவி அவரைத் தாண்டிப் போயிற்று. ஆய்வு மாணவர்கள் வேறு வழிகாட்டிகளைத் தேடிக்கொண்டார்கள். ஓய்வறையில் அவருடைய மேசை மெல்ல மெல்லக் காலியானது. முதலில் எழுந்து வேறு மேசைக்குப் போனவன் நான். அவர் யாரிடமும் குறைசொல்லவில்லை. தனியே உண்டு, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு, கணினி முன்னால் போய் உட்காருவார்.

ஓய்வுபெற்றதும் சொந்த ஊரான புன்னைக்காயலுக்கே திரும்பிவிட்டார். போன வருடம் ஒருநாள் துணிந்து போய்ப் பார்த்தேன். உள்ளதைச் சொல்லிவிடத்தான் போனேன். மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

"இப்ப ரெண்டு மாசு வச்சுப் பாக்கேன் சார். நடுவுல மாட்டுனா எந்தப் பக்கம் போகும்னு."

"எழுதி எங்க மேடம் அனுப்பப் போறீங்க?"

"எங்கயும் இல்ல. சரியா வந்தாப் போதும்." பிறகு, யாரும் கேட்காமலே, "பேச ஆள் இல்லங்கதுதான் சார் கொஞ்சம் கஷ்டம்" என்றார். அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்துவிட்டேன்.

அடக்கத்துக்கு ஊரார் வந்திருந்தார்கள். கல்லூரியிலிருந்து நான் மட்டும். எந்நேரமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர் என்பதால் "கணக்கு டீச்சர்" என்றே எல்லோரும் சொன்னார்கள். மண் போட்டு முடித்து ஆட்கள் கலைந்தபின், கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஒருவர் மரச் சிலுவையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். பெயருக்குக் கீழே தூரிகையை நிறுத்தி, கிளமென்டைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, என்ன டீச்சர்னு போட?"

கிளமென்ட் என்னைப் பார்த்தார்.

"ஆய்வாளர்னு எழுதுங்க" என்றேன்.

எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். கடற்காற்றில் மணல் வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொண்டது. அவர் விரலால் அதைத் தட்டிவிட்டுத் தட்டிவிட்டு எழுதி முடித்தார்.

அமைதியாக உறங்குங்கள், மேடம்.