கப்பல் இன்ஜினியரின் நிழல்

போட்டோ ஸ்டுடியோக்காரிக்கு அக்காவைப் பார்த்தால் சின்ன வயதிலிருந்தே வயிறு எரியும். வீட்டுக்கு வருகிறவர்கள் அக்காவைக் கண் நிறையப் பார்த்துவிட்டுத்தான், "இது சின்னவளா?" என்பார்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆனது, இவளுக்கு ஆகவில்லை. அத்தான் தவறிப்போன பிறகு தங்கையோடு வந்து தங்கிய அக்காவுக்கு, இப்போது ஐம்பத்திரண்டு வயதில், போனில் ஒரு காதலும் வந்துவிட்டது.

ஆள் கப்பல் இன்ஜினியராம். காலையில் "எழுந்தாச்சா?", மத்தியானம் "சாப்பிட்டாச்சா?" இருபது வருஷமாக ஊரார் முகத்துப் பருவையெல்லாம் கம்ப்யூட்டரில் துடைத்துக் கொடுத்தவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

"அவர் எனக்குப் பார்சல் அனுப்பியிருக்கார்டி. துறைமுகத்துல நிக்குதாம். பணம் கட்டினாத்தான் விடுவாங்களாம். நாளைக்கு பேங்க்குக்குப் போறேன்."

பேங்க்கில் இருந்தது அத்தான் விட்டுப்போன மொத்தச் சேமிப்பு.

"அவன் போட்டோவைக் காட்டு." விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். "முகத்துல வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுது. பின்னால கம்பியோட நிழலும் இடப்பக்கமே சாயுது. கப்பல்ல ரெண்டு சூரியனா? தலையை வெட்டி ஒட்டியிருக்கான்க்கா. தினம் நான் செய்யற வேலை."

"வயித்தெரிச்சல் புடிச்சவளே! உனக்கு எம்மேல பொறாமை."

எப்போதும் இல்லையென்று சாதிப்பவள் இந்த முறை சாதிக்கவில்லை.

"ஆமா, பொறாமைதான். உனக்கு ரெண்டாவதா ஒருத்தன் கிடைச்சான்னு ஒரு வாரமா சோறு இறங்கல. அதுக்காக நிழல் பொய் சொல்லுமா? வலது கையால இடது காதைப் புடிச்சுக்கிட்டு இப்பவே ஒரு போட்டோ அனுப்பச் சொல்லு. அனுப்பிட்டா நானே உன்கூட பேங்க்குக்கு வரேன்."

அக்கா சிரித்துக்கொண்டே எழுதினாள். 'என்மேல் நம்பிக்கை இல்லையா?' என்று பதில் வந்தது. அடுத்து, 'கேமரா உடைந்துவிட்டது.' கடைசியாக, 'முதலில் பணத்தைக் கட்டு.'

அக்கா காத்திருந்தாள். காப்பி ஆறியது.

"காதைப் புடிக்க எவ்வளவு நேரம்டி ஆகும்?" என்றாள். அவன் எண்ணையும் செய்திகளையும் அழிக்கப் போனாள்.

"அழிக்காதே. அவன் எழுதினதெல்லாம் புகாருக்கு வேணும். கொடு."

தங்கை ஒவ்வொரு செய்தியாகத் திரையைப் படம் பிடித்துச் சேமித்தாள். முந்நூறுக்கு மேல் இருந்தன. ஒரு வரியில் விரல் நின்றது: 'உன் குரல் கேட்காமல் எனக்குப் பொழுது விடிவதில்லை.' திருடன் எழுதியதுதான். இருந்தாலும் இரண்டு முறை படித்தாள்.

"த்தூ!" என்று சொல்லிவிட்டு, அதையும் படம் பிடித்தாள்.