கடைசி எண்ணிலிருந்து படிப்பவர்

"ஏழு... மூணு... ஒம்போது... சைபர்..." வலக்கோடியில் தொடங்கி இடப்பக்கமாக, ஒவ்வோர் எண்ணாக வாய்விட்டுப் படிப்பார். நடுவில் முதலாளியே வந்து நின்றாலும் நிமிர்ந்து பார்க்கமாட்டார். "நேரா படிச்சா கண்ணு ஏமாத்திடும் சார். அதுக்கு எல்லாம் மனப்பாடம். திருப்பிப் படிச்சாத்தான் முழிச்சுக்கும்" என்பார்.

மருந்து ஏற்றுமதி நிறுவனமொன்றில் சுங்கத் தாள்களை நிரப்புவது அவர் வேலை. இருபத்திரண்டு வருஷம். அலுவலகம் வைத்த பெயர் 'பூதக்கண்ணாடி'. வெளியே முறைத்துக்கொண்டாலும் உள்ளூர அந்தப் பட்டத்தில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியையும் கிழமையையும்தான் முதலில் காலண்டரோடு ஒத்துப் பார்ப்பார். ஒருமுறை பிழை கண்டுபிடித்து, பெண்ணின் அப்பாவுக்கே போன் போட்டுச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அப்பேர்ப்பட்டவர் போன வருஷம் சறுக்கிவிட்டார். ஊசி மருந்துப் பெட்டிகளுக்கு மாத்திரைக்கான சுங்க வகை எண்ணைப் போட்டார். வழக்கம்போலத் திருப்பித்தான் படித்தார், அச்சொட்டாகப் பொருந்தியது. என்ன செய்ய, ஒத்துப் பார்த்த பழைய தாளே மாத்திரை அனுப்பியபோது போட்டது! சரக்கு இன்னதென்பதை வேண்டுமென்றே மறைத்ததாகச் சொல்லி சுங்கத்துறை அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

வக்கீல் ஒரு வழி சொன்னார். "இருபத்திரண்டு வருஷ ஆளு தெரியாம செஞ்சுட்டார்னா யாரு நம்புவா? டைப் பண்ற பொண்ணுதான் பிரசவத்துக்கு நின்னுடுச்சே. அது தலையில போட்டுடலாம்."

முதலாளி இன்னும் ஒரு படி மேலே போய்ப் பூதக்கண்ணாடியிடமே சொன்னார். "விசாரணையில வந்து மாத்திப் பேசினீங்கன்னா உங்களை வச்சுக்க முடியாதுங்க."

அந்தப் பெண் அந்தத் தாளைத் தொடக்கூட இல்லை. குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் அவளும் வேலை தேட வேண்டியவள். சுங்க உத்தரவில் பெயர் ஏறிவிட்டால் எந்த மருந்துக் கம்பெனியும் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். அது பூதக்கண்ணாடிக்குத் தெரியாததா? பாவம், ஒரு வாரமாக மனிதருக்குத் தூக்கமே இல்லை.

விசாரணை நேற்று. காலையில் மனைவி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார்: "போனோமா வந்தோமான்னு இருங்க. சின்னவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு. வாயைத் திறந்து வம்பை விலைக்கு வாங்காதீங்க."

"நான் எங்க வாயைத் திறக்கப்போறேன்?" என்றபடி சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார்.

விசாரணை அறையில் கடைசி நாற்காலி கிடைத்தது. அதிகாரி அந்தத் தாளை உயர்த்திக் காட்டினார். "இதை நிரப்பினவங்க வந்திருக்காங்களா?"

"அந்தம்மா வேலையை விட்டு நின்னுட்டாங்கய்யா..." என்று வக்கீல் எழுந்தார்.

அதிகாரியின் பார்வை வக்கீலைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போனது. முதலாளியும் திரும்பிப் பார்த்தார். அங்கே, வகுப்பில் ஆஜர் சொல்வதுபோல, வாயைத் திறக்காமல் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். கை இறங்கவில்லை.