சிதம்பரத்திலிருந்து ஹைதராபாத்: சோதனை மேஜையில் ஒரு பாக்குவெட்டி

போன மாசியில் என் இளைய மகன் ஹைதராபாத்தில் வாங்கிய வீட்டுக்குப் பால் காய்ச்சினான். அதற்காகத்தான் எழுபத்துநாலு வயதில் முதல் தடவையாக விமானம் ஏறினேன். ரயிலே போதும் என்றுதான் சொன்னேன். கேட்காமல் டிக்கெட் போட்டுவிட்டான். ஆளுக்கு நாலாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். என்னோடு வந்தவள் என் நாத்தனார் வசந்தா. அவள் மகளைத்தான் என் இளையவன் கட்டியிருக்கிறான். நாத்தனாரும் அவளே, சம்பந்தியும் அவளே. விட்டு ஒழிக்க முடியாத உறவு.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் முதல் தடவை விமானத்தில் போகிற என் வயதுக்காரர்களுக்கு உதவும் என்று மருமகள் எழுதச் சொன்னாள். நான் நோட்டில் எழுதியதை அவள் இந்தப் பக்கத்தில் ஏற்றித் தருகிறாள். அவள் அம்மாவைப் பற்றி எழுதியிருப்பதையும் வெட்டாமல் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

சிதம்பரத்தில் காலை ஐந்து பத்துக்குக் கார் கிளம்பியது. வாடகை ஆறாயிரம், டோல் தனி. டிரைவர் சலீம் பரங்கிப்பேட்டைக்காரர். எட்டு வருஷம் துபாயில் வேலை செய்துவிட்டு வந்து, இப்போது ஊர்க்காரர்களை ஏர்போர்ட்டில் விடுவதும் அழைத்து வருவதுமாக இருக்கிறார். நாற்பத்தைந்து கிலோமீட்டர் வந்து, ஆறு மணி பத்து நிமிஷத்துக்குக் கடலூர் திருப்பாப்புலியூரில் வசந்தாவை ஏற்றிக்கொண்டோம். ஒரு பெட்டி, ஒரு கைப்பை. கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "பின்னால போட்டுடவா பெரிம்மா" என்று சலீம் கேட்டதற்கும் தரவில்லை.

பாண்டிச்சேரி தாண்டும்போது சலீம் எல்லாவற்றையும் விளக்கினார். "கத்தி, கத்திரிக்கோல், தீப்பெட்டி எதுனா இருந்தா பெரிய பெட்டியில போட்டுடுங்க பெரிம்மா. கைப்பையில இருந்தா எடுத்துக் குப்பையில போட்டுருவாங்க. ரொம்ப உஷாரா இருப்பாங்க. எம் பேரப் பாத்தா ரெண்டு தடவ பாப்பாங்க, பழகிப்போச்சு."

"எங்கிட்ட என்னா கெடக்கு, வெத்தலயும் வேட்டும்தான்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள் வசந்தா. வேட்டு என்ற வார்த்தையை ஏர்போர்ட்டில் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று சலீம் கையெடுத்துக் கும்பிட்டார். பட்டாசைச் சொல்கிற வார்த்தைதான். ஆனால் அங்கே விளையாட்டுக்குக்கூட அந்தப் பேச்சு எடுக்கக்கூடாதாம். படிக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்தில் இட்லி, காபி, மூன்று பேருக்கும் இருநூற்று நாற்பது ரூபாய். மீனம்பாக்கம் வந்து சேர்ந்தபோது மணி பத்தே கால். சிதம்பரத்திலிருந்து சுமார் இருநூற்றுப் பத்து கிலோமீட்டர். விமானம் ஒன்று பத்துக்கு.

காரிலிருந்து இறங்கி அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்தேன். எதுவும் அடையாளம் தெரியவில்லை. நான் இதற்கு முன் இரண்டு தடவை இங்கே வந்திருக்கிறேன், வழியனுப்ப.

என் வீட்டுக்காரர் வெல்டர். மூத்தவன் மூன்றாம் வகுப்பு படித்தபோது முதல் தடவையாக மஸ்கட் போனார். கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்தோம். அப்போது டிக்கெட் எடுத்தால் மாடியில் நின்று பார்க்கலாம். ஆளுக்கு இரண்டு ரூபாய் என்று ஞாபகம். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் வெயிலில் நடந்து போய் விமானத்தின் படி ஏறுவது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. வசந்தா பச்சைக் கரை போட்ட துண்டைப் பிடித்து ஆட்டினாள். துண்டின் இன்னொரு முனையை நான் பிடித்திருந்தேன். மேல் படியில் நின்று எங்களைத் தேடி, கண்டுபிடித்து, பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனார். பஸ்ஸில் திரும்பும்போது நானும் வசந்தாவும் ஒரே வெற்றிலையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு கடலூர்வரை அழுதோம்.

இரண்டாவது தடவை அப்படி இல்லை. அதற்குள் என் மாமியார் இறந்து, அவருடைய பாக்குவெட்டி காணாமல் போயிருந்தது. இரும்பு அலகு, பித்தளையில் கிளி மாதிரி பிடி. கிளியின் மூக்கு உடைந்திருக்கும், என் மூத்தவன் அம்மிமேல் போட்டு உடைத்தது. "இது ஒனக்குத்தான், நீ வச்சிக்க" என்று மாமியார் என்னிடம் வாயால் சொன்னது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் இல்லை. வீட்டில் வெற்றிலை போடுகிறவர்கள் நானும் வசந்தாவும்தான். தில்லைக்காளி கோயிலுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனேன். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "எங்கிட்ட இல்ல" என்று சத்தியம் செய்தாள். நான் நம்பவில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நிச்சயம் செய்து தாம்பூலம் மாற்றிய அன்றுகூட, "பாக்கு இருக்கு, வெட்டிதான் இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன்.

மாமியாரின் காரியம் முடிந்த மறு வாரம் என் வீட்டுக்காரர் மஸ்கட் கிளம்பினார். வந்து பார்த்தால் மாடியைப் பூட்டியிருந்தார்கள். விமானத்தில் குண்டு வைப்பதாக யாரோ மிரட்டினார்களாம். மணல் மூட்டை அடுக்கி, துப்பாக்கியோடு போலீஸ் நின்றது. வழியனுப்ப வந்தவர்கள் எல்லாரும் வாசலோடு சரி. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த பையின் ஜிப்பை இழுத்து இழுத்துச் சரி பார்த்தபடியே உள்ளே போய்விட்டார். திரும்பவே இல்லை. மூன்று வருஷம் பிரிந்திருக்கப் போகிற மனுஷன்.

நானும் வசந்தாவும் ஒரு கை தூரம் விட்டு ரோட்டோரம் நின்றோம். ஒரு விமானம் மேலே போனது. அதுதான் என்றாள் அவள். இல்லை, அடுத்ததுதான் என்றேன் நான். இரண்டுக்கும் கையாட்டினோம். அதற்குப் பிறகு அந்த மாடியைத் திறந்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஜிப்பைப் பற்றி அவர் உயிரோடு இருந்தவரை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது.

இனி இப்போது நடந்ததற்கு வருகிறேன். வாசலில் டிக்கெட்டையும் ஆதாரையும் பார்த்து உள்ளே விட்டார்கள். கவுன்டரில் இரண்டு பெட்டிகளையும் எடை போட்டு அனுப்பினோம். ஆளுக்குப் பதினைந்து கிலோ. என்னுடையது பண்ருட்டி முந்திரியோடு பதினாலரை. பிறகு சோதனை. கைப்பையை ஒரு தட்டில் வைத்தால் அது ஒரு பெட்டிக்குள் ஊர்ந்து போகிறது. நாம் ஒரு நிலைப்படி மாதிரி வளைவைத் தாண்டித் திரைக்குள் போக வேண்டும். அங்கே ஒரு பெண் போலீஸ், வடக்கத்திப் பிள்ளை, கையிலுள்ள கருவியால் தடவிப் பார்க்கும். வசந்தாவின் தாலிச் சரட்டில் அது கத்தியது. வெளியே இழுத்துப் பார்த்தால் ஏழு ஊக்கு. அந்தப் பிள்ளை சிரித்துவிட்டு விட்டுவிட்டது.

பைகளை எடுக்கப் போனால் வசந்தாவின் பையைத் தனியாகத் தள்ளி வைத்திருந்தார்கள். உட்கார்ந்திருந்த ஆள் திரையில் எதையோ காட்டி இன்னொருவரிடம் பேசினார். நானும் எட்டிப் பார்த்தேன். பையின் உள்ளே இருப்பதெல்லாம் ஆரஞ்சும் நீலமுமாகத் தெரிந்தது. அடியில் ஒரு கிளி. மூக்கு இல்லாத கிளி.

பையைத் திறந்து, சேலை, மருந்து டப்பா, துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அடியிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்தார்கள். என் மாமியாருடைய பாக்குவெட்டி மேஜைமேல் உட்கார்ந்தது.

"ஏண்டி, கற்பூரத்த அணச்ச கையா இது?" என்றேன்.

வசந்தா என்னைப் பார்க்கவில்லை. பாக்குவெட்டியைத்தான் பார்த்தாள். "அணச்சப்போ எங்கிட்ட இல்ல அண்ணி. சத்தியமா இல்ல. அண்ணன் எடுத்து வச்சிருந்துது. மஸ்கட்டுக்கு எடுத்துட்டுப் போச்சு. அம்மா கை பட்ட சாமான் ஒண்ணாவது கூட இருக்கட்டும்னு. திரும்பி வந்தப்புறம் எங்கிட்ட குடுத்துது. ஒங்ககிட்ட குடுத்தா, இத்தினி நாளு எங்க இருந்துச்சுன்னு கேப்பீங்களாம். அண்ணிகிட்ட சொல்லாதன்னு தலையில அடிச்சு சத்தியம் வாங்கிக்கிச்சு."

"பெரிய பெட்டியில போட்டுத் தொலைக்க வேண்டியதுதானடி. சலீம் அவ்வளோ சொன்னாரே."

"இது இல்லாம எனக்கு வெத்தல எறங்காது. ஆனா அங்க போயி பெட்டியப் பிரிக்கறது நீங்கதான. இவுங்களுக்கா பயந்தேன்? ஒங்களுக்குத்தான் பயந்தேன்."

அந்தப் பெண் போலீஸ் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னது: "பாட்டி, இது உள்ளே போகாது. இங்கே விடணும். இல்லே, வெளியே கவுன்டர்லே கொடுக்கணும். பன்னிரண்டு பத்துக்குக் கவுன்டர் மூடும்." அப்போது மணி பதினொன்று ஐம்பது.

பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. கத்திரிக்கோல், லைட்டர், நகவெட்டி என்று எவரெவருடையதோ கிடந்தது. வசந்தா அதைப் பார்த்துவிட்டு, "போவட்டும் அண்ணி. இதால நம்மளுக்கு என்னா நல்லது நடந்துது? போட்டுடச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு மூச்சு இரைக்கும், வேகமாக நடக்க முடியாது. எனக்கு வலது முட்டி மடங்காது.

எனக்கு அந்த ஜிப்தான் கண்ணில் வந்தது. மணல் மூட்டைக்கும் துப்பாக்கிக்கும் நடுவே, உடைந்த மூக்குக் கிளியைப் பைக்குள் வைத்துக்கொண்டு அந்த மனுஷன் நின்றிருக்கிறார். முகத்தைப் பார்த்திருந்தால் நான் கண்டுபிடித்திருப்பேன். என்னிடம் மாட்டாமல் போனால் போதும் என்று ஓடியிருக்கிறார்.

"நீ இங்கயே ஒக்காரு" என்று சொல்லிவிட்டுப் பாக்குவெட்டியைக் கேட்டேன். என் கையில் தரவில்லை. ஒரு போலீஸ்காரர் அதைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு என்கூட நடந்தார். வந்த வழியே திரும்ப, வரிசைக்கு எதிராக. ஆட்கள் முறைத்தார்கள். முட்டி ஒவ்வொரு அடிக்கும் குத்தியது. கவுன்டரில் இருந்த பெண், "இதுக்கு மட்டுமா பாட்டி?" என்று கேட்டாள். "இதுக்கு மட்டுந்தான் கண்ணு" என்றேன். ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, டேப் ஒட்டி, எண் எழுதிய சீட்டைக் கட்டினாள். தனியாகக் காசு கேட்கவில்லை. மணி பன்னிரண்டு ஏழு. மறுபடியும் வரிசை, வளைவு, திரை. இந்தத் தடவை அந்தப் பிள்ளை என் தோளைத் தட்டி அனுப்பியது.

விமானத்தில் ஜன்னலோரம் எனக்கு. ஓடி எழும்பும்போது பயமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கீழே ரோடும் காரும் தெரிந்ததும் கண்ணாடியில் கையை வைத்து ஆட்டினேன்.

"யாருக்கு அண்ணி?" என்றாள் வசந்தா.

"ரோட்டோரம் ரெண்டு பேரு நின்னுச்சே, எந்த விமானம்னு தெரியாம."

அவளும் என்மேல் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு, "அன்னிக்கும் மொத விமானந்தான் அண்ணன் போனது" என்றாள். இல்லை, இரண்டாவதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டரைக்கு இறங்கினோம். சுற்றிச் சுற்றி வருகிற பெல்ட்டில் அட்டைப் பெட்டி கடைசியாக வந்தது. வசந்தா அதைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். பால் காய்ச்சிய அன்று வந்தவர்களுக்கெல்லாம் அதில்தான் பாக்குச் சீவினோம். இப்போது ஆறு மாதம் என்னிடம், ஆறு மாதம் அவளிடம் என்று ஏற்பாடு. இத்தனை வருஷம் வைத்திருந்ததற்கு முதல் ஆறு மாதம் எனக்கு. மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லை, அது அப்படியே இருக்கிறது. அவர்மேலும் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. அதை எங்கே போய்க் கேட்பது?

எங்கேயோ எவனோ செய்கிற கேட்டுக்குப் பாக்குவெட்டியும் ஆயுதமாகிவிட்டது. அந்த மாடியும் போய்விட்டது. ஆனாலும் மேலே போனபின் இத்தனை பேர் உயிர் என்று பார்க்கும்போது, சோதிக்கட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். இரண்டரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். பாக்குவெட்டி, அரிவாள்மணை, ஊசி எல்லாம் பெரிய பெட்டியில். கொப்பரைத் தேங்காய் எதிலும் வேண்டாம், எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள். முட்டி வலிக்காரர்கள் வெட்கப்படாமல் சக்கர நாற்காலி கேளுங்கள், இலவசம்தான். உள்ளே ஒரு டீ நூற்றைம்பது ரூபாய். ஒரே டீ வாங்கி இரண்டாகப் பிரித்துக் குடிக்கலாம், நாங்கள் குடித்தோம்.

இன்னொன்று. வழியனுப்ப வந்தவர்களை வாசலிலேயே நன்றாகப் பார்த்துவிடுங்கள். உள்ளே போனால் திரும்பிப் பார்க்க இப்போது இடம் இல்லை. பையின் ஜிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.