புகை எந்தப் பக்கம்?

தெருவில் கால் வைக்குமுன் தருமன் வாசற்படியில் நின்று வடக்கே அண்ணாந்து பார்ப்பான். எத்தனையோ வருஷமாக இந்தப் பழக்கம் மாறவில்லை. வடக்கே அரிசி மில்லின் புகைபோக்கி நிற்கிறது. புகை நெட்டுக்குத்தாகப் போனால் சைக்கிளை எடுப்பான். ஊர்ப்பக்கம் சாய்ந்தால் துண்டை நனைத்துப் பிழிந்து மூக்கில் கட்டிக்கொண்டு, பஸ் ஓடும் பெரிய தெருவை விட்டுச் சந்து வழியாகச் சுற்றி நடப்பான்.

"வாத்தியாரே, இன்னைக்கு யார் வூட்ல திருடப் போறீங்க?" என்பார்கள் எதிரே வருகிறவர்கள்.

தருமன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடப்பான். வாயைத் திறந்தால் உமிச்சாம்பல் உள்ளே போகும் என்பது விஞ்ஞானம். சட்டென்று பதில் தோன்றாது என்பது உண்மை.

அவனுக்குப் பிறவியிலிருந்தே மூச்சிழுப்பு. சொந்த ஊரான கீழ்பென்னாத்தூரில் கடலைக்காய் உலர்த்தும் காலத்தில் புழுதி கிளம்பினால் போதும், நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தும். நிலத்தில் இறங்க லாயக்கில்லாத பிள்ளை என்றுதான் படிக்க வைத்தார்கள். வம்சத்தின் முதல் பட்டதாரி என்று எல்லோரும் மெச்சியபோது, அதில் தன் மூளைக்கு எவ்வளவு பங்கு, இழுப்புக்கு எவ்வளவு பங்கு என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

பி.எஸ்சி. கடைசிப் பரீட்சைக்கு முன் இழுப்பு வந்து அவன் படுத்தபோது, அம்மா ராஜம்மாள் அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை தேறினால், தீபத்தன்று சாயங்காலம் அவனே நடந்து மலை சுற்றுவான். சுற்றி முடிக்கும்வரை தான் காப்பியைத் தொடமாட்டாள். காப்பி இல்லாமல் பொழுது விடியாத ஜென்மம் அவள். தருமன் மூன்றாம் வகுப்பில் தேறினான். சுவாமி தன் பங்கைச் சிக்கனமாகச் செய்தார், ஆனாலும் செய்துவிட்டார்.

தருமனின் பங்குதான் பாக்கி. முதல் வருஷம் பனி. மறுவருஷம் சளி. அப்புறம் வாடைக்காற்று. கார்த்திகையில் வாடை அடித்தால் மில் புகை ஊர்மேல்தான் இறங்கும். அதோடு கூட்டத்தின் புழுதி, கற்பூரம், பஸ் புகை. சாக்குத் தேட அவன் சிரமப்பட்டதே இல்லை. வாசலில் நின்று அண்ணாந்தால் போதும்.

டாக்டரும் சொல்லியிருந்தார்: புகையும் புழுதியும் ஜாஸ்தியான நாளில் அலையாதே, போயே தீரவேண்டுமென்றால் கூட்டம் கம்மியான வேளையில், மெதுவாக, மாத்திரையோடு போ.

"அப்ப விடியக்காலம் சுத்திடறேம்மா. கூட்டம் இருக்காது."

"நான் வேண்டிக்கிட்டது சாயங்காலம்டா. காலங்காத்தால சுத்தறதுக்கு நீ இன்னா மாடு மேய்க்கவா போற?"

"டாக்டர் சொல்றாரும்மா."

"டாக்டரா காப்பிய வுட்டாரு?"

டுடோரியலில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கும் தருமன் விஞ்ஞானத்தை மூட்டை கட்டி வைத்தான். எழுபத்தெட்டாம் வருஷத் தீபத்துக்கு ஒப்புக்கொண்டான்.

சாயங்காலம்வரை நெஞ்சைப் பத்திரப்படுத்த ஒரு திட்டம் போட்டான். பகல் முழுக்க வெளிக்காற்றே படக்கூடாது. ஜன்னல்களைச் சாத்தினான். கதவிடுக்குகளில் ஈரத்துணி திணித்தான். நடுவீட்டில் பாய் விரித்து மகாராஜாவாகப் படுத்தான்.

ராஜம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பிள்ளை மலை சுற்றி வந்ததும் முதல் காப்பி. அதற்குக் கடைப்பொடி ஆகுமா? கொட்டையே வாங்கி வைத்திருந்தாள். அடுப்பில் கடலைத்தோலைப் போட்டு மூட்டி, வாணலியில் கொட்டையை வறுத்தாள். கைப்பழக்கம் விட்டுப்போனதில் கொஞ்சம் தீய்ந்தது. வாசனையைத் தருமன் கண்மூடி ரசித்தான். அம்மாவின் சந்தோஷம் இப்படித்தான் மணக்கும்போல என்றுகூட நினைத்தான். கண்ணைத் திறந்தபோது புகையில் கூரை உத்தரம் தெரியவில்லை.

பூனைக்குட்டி கத்தத் தொடங்கியது.

ராஜம்மாள் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுச் சந்திரம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அவனை வாசலுக்கு இழுத்தாள். "இன்னாக்கா இது! ஊர்ப் புகைய வாசல்ல நிக்க வச்சிட்டு, வூட்டுப் புகையப் பூட்டி வச்சிருக்கீங்க?"

மாத்திரைக்கு இழுப்பு அடங்கவில்லை. ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசி போட்டார்கள். மலையுச்சியில் தீபம் ஏறியபோது ஊரே 'அரோகரா' என்றது. கட்டிலில் முன்னே சாய்ந்து உட்கார்ந்திருந்த தருமனும் வாயைத் திறந்தான். காற்றுத்தான் வந்தது. அன்றைக்கு அதுவே பெரிது.

"அடுத்த வருஷம் கட்டாயம் சுத்திடறேம்மா."

"மொதல்ல மூச்சு வுடு," என்றாள் ராஜம்மாள். வறுத்த கொட்டையைச் சந்திரம்மாளுக்குக் கொடுத்துவிட்டாள்.

அதிலிருந்து தருமன் இரண்டு புகைகளைப் பார்க்கிறான்: வெளியே மில் புகை, உள்ளே அடுப்புப் புகை. புகை சாய்ந்த நாளில் தெரு ஜன்னலைச் சாத்துவான். அன்றைக்கு வீட்டுக்குள் வறுப்பதும் சாம்பிராணியும் கிடையாது, அடுப்பு கொல்லைக்குப் போய்விடும். இழுப்பு குறைந்திருக்கிறது. நடந்தால் நடந்துவிடலாம் என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. ஆனால் கார்த்திகையில் புகை ஊர்ப்பக்கம் சாய்வதைக் கண்டால் மனசுக்குள் லேசாக ஒரு நிம்மதி வருகிறதே, அதை மட்டும் அவன் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷத் தீபத்தன்றும் வாசற்படியில் நின்று அண்ணாந்தான்.

"புகை எந்தப் பக்கம்டா?" உள்ளேயிருந்து ராஜம்மாள் கேட்டாள்.

"ஊர்ப்பக்கந்தாம்மா."

அப்புறம், காப்பிக்குப் பதிலாகத் தினமும் குடிக்கிற சுக்குத் தண்ணிக்கு, அவள் சுக்கு தட்டும் சத்தம் கேட்டது.