தராய்வினியின் பசைத் துப்பாக்கி

முக்குளித்தவளின் தலை தண்ணீருக்கு மேலே வந்ததும், கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்னால், ஏன், முழு மூச்சை இழுப்பதற்கும் முன்னால் கையை நீட்டிவிட வேண்டும். "கையக் காட்டு" என்று தராய்வினி படகின் விளிம்பில் தயாராகக் குனிந்திருப்பாள். உள்ளங்கையைப் பார்ப்பாள், புறங்கையைப் பார்ப்பாள், கட்டைவிரல் இடுக்கைப் பிரித்துப் பார்ப்பாள், சில நேரம் மோந்துகூடப் பார்ப்பாள். எந்த விரலில் பசை ஒட்டியிருக்கிறது என்பதைக் கொண்டே கடலுக்கடியில் துப்பாக்கி என்ன செய்தது என்று சொல்லிவிடுவாள். "எடது கையால துப்பாக்கி மூக்கத் தொட்டிருக்க. ஏன் தொட்ட? அடைச்சுதா?" என்பாள். தொட்டது உண்மையாகத்தான் இருக்கும்.

"மூச்சு விட விடு மதினி. செத்துட்டேன்னா கைய மட்டும் வெட்டி வச்சுக்க" என்பாள் வசிதி.

வசிதிக்குத் தராய்வினி தாய்மாமன் மகள். பிஜியின் வைதமு கிராமத்தில் இந்த முறைக்காரர்கள் நேருக்கு நேர் பார்த்தும் கேலி பேசாமல் போனால், ஏதோ சண்டை என்று ஊர் நினைத்துக்கொள்ளும். மூச்சடக்கி முக்குளிக்கும் பெண்களுக்கெல்லாம் வசிதிதான் தலைவி. அவள் இறங்கினால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். கேலியிலும் அப்படித்தான், அவள் ஆரம்பித்தால் படகு முழுக்கத் தொற்றிக்கொள்ளும்.

தராய்வினி ஐம்பதைத் தாண்டியவள், அகன்ற தோள், முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு பிசுபிசுப்பு. சுவா துறைமுகத்துப் படகுப் பட்டறையில் வரைபடம் போடும் வேலையில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். பிதுக்கி எடுக்கும் எந்தப் பொருளையும் அவளால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து விருந்தில் எல்லோரும் பன்றிக்கறியைப் பார்க்கும்போது, அவள் தக்காளி சாஸ் புட்டியைக் கவிழ்த்து அமுக்கி, பிடியைத் தளர்த்தி, வாயில் தொங்கும் துளி எப்போது விழும் என்று காத்திருப்பாள். டின் பால், கஸ்டர்டு, அரைத்த மரவள்ளி மாவு என்று எல்லாம் அவள் துப்பாக்கிக்குள் போய் வந்திருக்கின்றன. ஒருமுறை பேத்தியின் பிறந்தநாள் கேக்குக்கு அதே துப்பாக்கியால் கிரீம் பூ வைத்துவிட்டாள். புதுக் குழல்தான் என்று சத்தியம் செய்தும் அவள் புருஷன் அபிசாய் கேக்கைத் தொடவில்லை. அவன் சபையில் உபதேசியார். "பல்லு ஒட்டிக்கிச்சுன்னா நாளைக்கு யாரு பிரசங்கம் பண்றது?" என்று கேட்டான்.

கடையில் கிடைக்கும் பசைத் துப்பாக்கிகளில் ஆள்காட்டி விரலுக்குத்தான் வேலை அதிகம். நனைந்த கையுறை போட்ட கைக்கு அது ஆகாது. தராய்வினி வரைபடத்தை மூடிவிட்டு அடுப்படிகளில் போய் உட்கார்ந்தாள். பிஜியில் தேங்காய்ப்பால் பிழியாத பெண் கை கிடையாது. துருவிய தேங்காயை அள்ளிப் பிழியும்போது கடைசி மூன்று விரல்கள்தான் நெரிக்கின்றன, ஆள்காட்டி விரல் சும்மா வழிகாட்டுகிறது. அவள் செய்த கைப்பிடி அந்தப் பிடிக்காகவே செய்தது. முதல் தடவை கையில் வாங்கியபோது வசிதி "அட, தேங்கா பிழியற மாதிரியில்ல இருக்கு" என்று வாய்விட்டாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே கை அதைத் தெரிந்துகொண்டது.

துப்பாக்கி எதற்கு என்பதையும் சொல்லவேண்டும். வைதமுவுக்கு முன்னால் இருக்கும் பவளத்திட்டு ஒரு கோடையில் கடல் கொதித்து வெளுத்துப்போனது. அத்தனை வெளுப்புக்கும் நடுவே ஒரே ஒரு மான்கொம்புப் பவளம் பழுப்பு மாறாமல் நின்றது. அதிலிருந்து துண்டுகளை ஒடித்து, கடலுக்குள் கயிற்றுப் பந்தல் போட்டு, அதில் கட்டி வளர்த்தார்கள். அடுத்து வந்த புயலில் தாய்ப் பவளம் சிதறிவிட்டது. ஆகவே பந்தலில் இருப்பதுதான் மிச்சம். அந்தத் துண்டுகளைப் பாறையில் ஒட்டுவதுதான் பெண்களின் வேலை. முன்பெல்லாம், கலந்தால்தான் இறுகும் இரண்டு பசைகளைப் படகிலேயே பிசைந்து உருட்டிக் கையில் பொத்திக்கொண்டு இறங்குவார்கள். நீரோட்டம் பாதியைப் பிடுங்கிக்கொள்ளும். தராய்வினியின் துப்பாக்கியில் இரண்டு பசைகளும் தனித்தனிக் குழலில் இருந்து மூக்குக்குள் வந்துதான் கலக்கும். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் பவளத் துண்டு, ஒரு மூச்சுக்குள் வேலை முடிந்தது.

இவ்வளவையும் செய்தவள் கடலுக்குள் தலையை நனைத்துப் பல வருஷமாகிறது. இளவயதில் சளியோடு முக்குளித்ததில் அவளுடைய வலது காதுச் சவ்வு கிழிந்துவிட்டது. இன்னொரு தடவை இறங்கினால் மற்றதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன்னால் போக முடியாத இடத்தில் தன் கருவி என்ன செய்கிறது என்று அவள் பிறர் கைகளில் படிக்கிறாள். ஒரு மனுஷியால் இது எப்படி முடிகிறது என்று வசிதிக்கு இன்றுவரை விளங்கவில்லை. படகில் கேலி பேசிவிட்டு வீட்டுக்குப் போய் அதையே நினைத்து வியந்துகொண்டிருப்பாள். சொல்லத்தான் மாட்டாள்.

"பசை வர்றது பெரிய விஷயமில்ல. வெரல எடுத்தா நிக்கணும்" என்பது தராய்வினியின் பேச்சு. கரையில் அது கச்சிதமாக நின்றது. ஆனால் துப்பாக்கியால் ஒட்டிய முதல் தொகுதியைப் பார்க்கப் போனபோது பாதிக்கு மேல் துண்டுகளின் மேல் சாம்பல் நிற இழைகள் போர்த்திக் கிடந்தன. எல்லாம் பசை. அடியில் இருந்த பவளம் மூச்சு முட்டிச் செத்திருந்தது. அடுத்த தொகுதியிலும் அதேதான். தராய்வினி விசையை மாற்றினாள், மூக்கை மாற்றினாள், ஏறி வந்த ஒவ்வொரு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கை சுத்தமாத்தானடி இருக்கு! சுத்தமாத்தானே இருக்கு!" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

பெண்கள் கூடிப் பேசினார்கள். முடிவைச் சொல்லும் வேலை வசிதியின் தலையில் விழுந்தது. "துப்பாக்கி வீட்டுலயே இருக்கட்டும் மதினி. மிச்சத்த நாங்க கையாலயே பிசஞ்சு ஒட்டிக்கிறோம். பாதி போனாலும் பாதி நிக்கும்." கேலி இல்லாமல் அவளிடம் வசிதி பேசியது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் வசிதி கரையில் உட்கார்ந்து இடுப்பில் சுற்றிய சுலுத் துணியைத் தூக்கிக்கொண்டு தொடையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். காய்ந்த பசை முடியோடு சேர்ந்து பிய்ந்தது. வலியில் பழைய வாய் திரும்பிவிட்டது. "பவளத்துக்கு ஒதவலன்னா என்ன மதினி, சிங்கத்தோக்கா டவுனுல சலூன் போடு. முடி பிடுங்க இத விட்டா ஆளு கெடையாது!"

தராய்வினி பக்கத்தில் வந்து மண்டியிட்டாள். தொடையையே பார்த்தாள். "இது எப்ப பட்டுது?"

"எனக்கென்ன தெரியும்? ஏறும்போது துப்பாக்கிக் கை தொடப்பக்கமாத்தான தொங்கும்."

"ஏறும்போது நீ கீழ பாக்கலயா?"

"மூச்சு முட்டறப்ப எவ கீழ பாப்பா? எல்லாரும் மேல வெளிச்சத்தத்தான் பாப்போம்."

தராய்வினி ஈர மணலில் பொத்தென்று உட்கார்ந்தாள். தன் தலையில் தானே குட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "காத்துடி! குழலுக்குள்ள காத்து மாட்டிருக்கு. கீழ போனா சுருங்கும், மேல வந்தா வீங்கும். நீங்க வெரல எடுத்த பெறவு அதுதான் பசையத் தள்ளிருக்கு. என் காதக் கிழிச்ச அதே காத்து. எனக்குத் தெரியாதா? எனக்குப் போயி தெரியாமப் போச்சே!"

பசை துப்பாக்கியை விட்டு வழிந்தது ஒட்டும்போது அல்ல, ஏறும்போது. அப்போதுதான் ஒட்டிவிட்டு வந்த துண்டுகளின் மேலேயே அது இழை இழையாக இறங்கியிருக்கிறது. அவள் அத்தனை நாளும் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழலில் பசையை நிரப்பி அடைப்பானைத் தள்ளும்போது உள்ளே சிக்கும் காற்று வெளியேற வழி வேண்டும், ஆனால் பசை வெளியேறக் கூடாது. மறுநாள் அபிசாயின் தூண்டில் பெட்டியிலிருந்து நைலான் நரம்பை எடுத்தாள். குழலின் உள்சுவரோடு அதை ஒட்டினாற்போல் தொங்கவிட்டு, அதன் மேலேயே அடைப்பானை மெல்ல இறக்கினாள். நரம்பு ஓடும் பிளவு வழியாகக் காற்று புஸ்ஸென்று போயிற்று. கடைசித் துளிக் காற்றும் போனதும் நரம்பைச் சரக்கென்று உருவிவிட்டாள். வேறொன்றுமே இல்லை. துப்பாக்கியைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி ஏற்றிப் பார்த்தாள். மூக்கில் ஒரு சொட்டு இல்லை. கூடவே நின்று பார்த்துக்கொண்டிருந்த வசிதிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தினமும் மீன் பிடிக்கிற நரம்பு. தானும்தான் பிறந்ததிலிருந்து பார்க்கிறாள்.

ஆனாலும் பந்தலில் இருந்ததுதான் மிச்சம் என்பதை வசிதியால் மறக்க முடியவில்லை. சனிக்கிழமை படகில் ஏறும்போது வாளித் தண்ணீரில் இருந்த துண்டுகளைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள். "ஒரே ஒரு துண்டு மதினி. அதுக்கு மேல கேக்கக் கூடாது. மத்ததுக்குப் பசை பிசஞ்சு வச்சிருக்கு."

"சரிடி. ஒண்ணு போதும்" என்றாள் தராய்வினி.

வசிதி இறங்கினாள். பாறையைச் சுரண்டி, மூக்கை வைத்து, பிழிந்து, துண்டை நட்டாள். விரலை எடுத்தாள். பசை நின்றது. பிறகு வாழ்நாளில் செய்யாத காரியமாக, மூச்சு முட்ட முட்ட, வெளிச்சத்தைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டே ஏறினாள். துப்பாக்கியின் மூக்குக்கும் அந்தப் பழுப்புத் துண்டுக்கும் நடுவே தெளிந்த தண்ணீர் மட்டுமே இருந்தது. ஒரு நூல்கூட இல்லை. அவள் ஏற ஏற அந்த வெறுமை நீண்டுகொண்டே போனது. கண்ணாடிக்குள் அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

தலை மேலே வந்தது. தராய்வினி வழக்கம்போல் குனிந்து, துப்பாக்கியை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டினாள். வசிதி துப்பாக்கியைக் கொடுக்கவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாளியைப் பார்த்து, அடுத்த துண்டுக்காகக் காலியான மறு கையை நீட்டினாள்.